பதினான்காவது கட்டம்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. அம்மாவோடு வேலை செய்யும் சாந்தாமணி அக்கா சொல்லிக் கேட்டது, அதுவும் பஸ்ஸுக்குக் காத்திருந்த பத்து நிமிடத்தில், பாதி சிரிப்பும் பாதி ஹாரன் சத்தமுமாக. அதனால் இதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு அவர் சேர்த்தது, எவ்வளவு நான் கட்டம் போட்டு வரையும்போது சேர்ந்துகொண்டது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இப்போது அது பதினைந்து கட்டங்களாக என் மடியில் இருக்கிறது. இரண்டாவது மாடியில், செமினார் அறைக்கு வெளியே, படிக்கட்டின் மூன்றாவது படியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். பிளாஸ்டிக் நாற்காலிகளை எல்லாம் ஆறாவது குழு பிடித்துக்கொண்டது. நாங்கள் ஏழாவது, நான், இமானுவேல், ஃபர்ஹானா மூன்று பேரும். உள்ளே நாலாவது குழு போய் இருபது நிமிடம் ஆகிவிட்டது, இன்னும் கதவு திறக்கவில்லை. மூன்றாம் ஆண்டில் எல்லாக் குழுவும் ஒரு திரைப்படத்தின் தொடக்கக் காட்சியை எடுக்க வேண்டும். இரண்டு நிமிடம். திரைப்படம் என்று ஒன்று கிடையாது, தொடக்கம் மட்டும்தான், இதை அம்மாவிடம் விளக்கியபோது, "அப்ப மீதிய யாரு எடுப்பாங்க?" என்று கேட்டாள். இன்று எங்களுக்குப் பாடம் எடுக்கும் ஜெசிந்தா மேடமும் சென்னையிலிருந்து வந்திருக்கும் ஒரு எடிட்டரும் ஸ்டோரிபோர்டை, காட்சியை ஷாட் ஷாட்டாக வரைந்த இந்தக் கட்டங்களைப் பார்ப்பார்கள். அவர்கள் கையெழுத்துப் போட்டால் சனியும் ஞாயிறும் கேமரா எங்களுக்கு. இமானுவேலின் மாமா வேலை செய்யும் பனியன் யூனிட் இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பூட்டிக் கிடக்கும், சாவி தருவதாகச் சொல்லியிருக்கிறார். கையெழுத்து இல்லையென்றால் கேமரா வேறு குழுவுக்குப் போகும், யூனிட்டும் போகும். இது இமானுவேலுக்குத் தெரியும், ஃபர்ஹானாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவர்களுக்குத் தெரியாதது, பதினான்காவது கட்டத்தை நான் இன்னும் வரையவில்லை என்பது.

முதல் கட்டம் டியூப் லைட். அது கொஞ்சம் துடித்து நிற்க வேண்டும். இரண்டாவது மேசை, வெள்ளைத் துணி விரித்த செக்கிங் மேசை. மூன்றாவது கைகள். கைகளை நான் நன்றாக வரைந்திருக்கிறேன், மற்றதெல்லாம் குச்சி மனிதர்கள், கைகள் மட்டும் கைகள், ஏனென்றால் அந்த வேலை எனக்குத் தெரியும், அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாள். தைத்து வந்த பீஸை எடுக்கும், தோளைப் பார்க்கும், கழுத்தைப் பார்க்கும், உள்புறமாகத் திருப்பித் தையலை விரலால் தடவும், ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால் சின்ன சிவப்பு அம்பு ஸ்டிக்கரை அந்த இடத்தில் ஒட்டி ஒரு பக்கம் போடும், இல்லையென்றால், பார்த்தது யார் என்று காட்டும் தன் நம்பர் ஸ்டிக்கரை ஒட்டி மறுபக்கம் போடும். அம்மா ஜவுளிக் கடைக்கு வந்தாலும் இப்படித்தான், விலையைக் கேட்கும் முன் சுடிதாரை உள்பக்கம் திருப்பிவிடுவாள், கடைக்காரர் "ஏனுங்க்கா, நம்ம கடையில வந்து கம்பெனி வேலை பாக்கறீங்க" என்பார். அந்த அம்புதான் என் யோசனை. பட டைட்டில்கள் அம்பு ஒட்டும் இடத்தில் வரும். ஒளிப்பதிவு இமானுவேல் என்பது ஒரு ஓட்டைக்குப் பக்கத்தில், படத்தொகுப்பு ஃபர்ஹானா என்பது ஒரு கறைக்குப் பக்கத்தில். ஃபர்ஹானா இதைக் கேட்டதும், "எம்பேரு கறையில வரணுமா? நல்ல எண்ணம்டி உனக்கு" என்றாள், ஆனால் அவளுக்குப் பிடித்திருந்தது, அன்று முழுக்க எல்லோரிடமும் சொன்னாள். எழுத்து இயக்கம் மகுடேஸ்வரி என்பது எங்கே வரும் என்று இன்னும் முடிவு செய்யவில்லை. உள்ளே போனால் ஆங்கிலத்தில் கேட்பார்களோ. ஜெசிந்தா மேடம் கேட்கமாட்டார், அந்த எடிட்டர் கேட்கலாம். கேட்டால் புரியும், பதில் வருவதற்குள் அவர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். முதல் வருடம் முழுக்க அப்படித்தான் போனது. பதில் வகுப்பு முடிந்து ஹாஸ்டல் படியேறும்போது வரும், முழு வாக்கியமாக. எங்கள் வீதியில் நான் டிவி படிப்பு படிக்கிறேன் என்று பெயர். பக்கத்து வீட்டு அத்தை ஒவ்வொரு லீவுக்கும், "எப்ப அம்மணி நியூஸ்ல வருவே?" என்று கேட்பார். அது வேறுங்க அத்தை என்று சொன்னால், எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜுக்குப் போனவள் ஏதோ குறைவான படிப்பு படிப்பதாக ஆகிவிடும், அதனால் சீக்கிரம் வருவேனுங்க என்று சொல்லிவிடுவேன். இது பொய்தான். சின்னப் பொய். ஸ்டோரிபோர்டோடு தரவேண்டிய கருத்துக் குறிப்பின் கடைசி வரியில் ஒன்று எழுதியிருக்கிறேனே, அது சின்னதா பெரியதா. 'இக்காட்சி முழுக்கக் கற்பனையே.' அதற்குக் கீழே என் கையெழுத்து.

சாந்தாமணி அக்கா அம்மாவுக்கு எதிர்மேசை. பன்னிரண்டு வருடமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வேலை செய்கிறார்கள், அதனால் ஒருவரைப் பற்றி மற்றவர் சொல்வது நம்பும்படி இருக்கும். போன தீபாவளி லீவில் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். "ஏங்கண்ணு, நீ பாஸான அன்னைக்கு உங்கம்மா பண்ணுன கூத்து உனக்குத் தெரியுமா?" என்றார். தெரியாதுங்க்கா என்றேன். "அதெப்படிச் சொல்லுவா! நீ சூப்பர்வைசர் போனுக்குக் கூப்புட்டியே." கூப்பிட்டேன். ப்ளஸ் டூ ரிசல்ட் ஒன்பதரைக்கு வந்தது, பத்து மணிக்கு நான் சூப்பர்வைசரின் நம்பருக்கு அடித்தேன், ஏனென்றால் உள்ளே யாருக்கும் போன் வைத்துக்கொள்ள அனுமதி கிடையாது. "சன்னலோரம் போயிப் பேசிப்போட்டு வந்தா பாரு, மொகமே வேற. வந்து உக்காந்தா. ஒட்டறா, போடறா, ஒட்டறா, போடறா. பீசத் திருப்பவே இல்ல கண்ணு! ஓட்டை இருந்தாலும் சரி, கை இல்லாட்டியும் சரி, எல்லாம் பாஸு! ஒரு மணி நேரம் அப்படியே ஓடுச்சு. எனக்கு எதுத்தாப்புல உக்காந்து சிரிப்பு அடக்க முடியல. துளசின்னு கூப்புட்டா நிமுந்து பாத்து சிரிக்கறா. நெம்ப நாளைக்கப்புறம் அப்படி ஒரு சிரிப்பு." நானும் சிரித்தேன். அம்மாவை எனக்குத் தெரியும், எதையும் இரண்டு முறை பார்க்காமல் விடாதவள், என் மார்க் ஷீட்டைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தவள். அந்த ஒரு மணி நேரம் அவளுக்கு ஒரு விடுமுறை மாதிரி எனக்குத் தோன்றியது, என்னால் கிடைத்த விடுமுறை. பஸ்ஸில் உட்கார்ந்த உடனே காட்சி வந்துவிட்டது. கைகள் பார்க்கின்றன, பார்க்கின்றன, பார்க்கின்றன, போன் வருகிறது, அதன்பின் கைகள் பார்ப்பதில்லை. அம்பு நின்றுவிடுகிறது, பெயர்கள் சும்மா வெள்ளைத் துணியில் வந்து போகின்றன, கடைசியில் முகம். வாயில் சிரிப்பு. படத்தின் பெயர். முடிந்தது. இதைவிட நல்ல தொடக்கம் எனக்கு இனி வராது என்று நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன், அதுதான் கஷ்டம். ஏனென்றால் சாந்தாமணி அக்கா அதோடு நிறுத்தவில்லை. சிரித்து முடித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏதோ மிச்சம் சொல்வதுபோல, "பாவம், அது அந்தப் பேச்சி மேல போயிருச்சு" என்றார். யாருங்க்கா பேச்சி? "உங்கம்மாவுக்கு அடுத்த சேரு. பேச்சியம்மா. உசிலம்பட்டிப் பக்கம். அவ நம்பருல்ல ஒட்டியிருந்துது. ஓட்டைப் பீசு, சரக்கு வாங்கற பையர்கிட்டச் சிக்கி, ரெண்டு மூணு நாள்ல அவள நிறுத்திப்போட்டாங்க." அம்மா என்ன சொன்னாங்க என்று கேட்டேன். அப்படிக் கேட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அக்கா பையைத் தோளில் மாட்டினார். "பஸ்ஸு வந்துருச்சு பாரு கண்ணு, உன்னுது."

அது என் பஸ்தான். அக்கா பொய் சொல்லவில்லை. நான் ஏறினேன், சன்னலோரம் இடம் கிடைத்தது, காட்சி வந்தது, அந்தக் கடைசி வாக்கியம் எனக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது, இரண்டு மாதம் சத்தம் போடாமல் இருந்தது. அதைக் கிளப்பியது இமானுவேல். போன வாரம் கேன்டீனில் ஸ்டோரிபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தவன், பன்னிரண்டாவது கட்டத்தில் விரலை வைத்தான். "மகுடி, சன்னல் எந்தப் பக்கம்?" இடது பக்கம். "அப்ப அவங்க இடதுலருந்து நடந்து வராங்க. ரெண்டு சேர் போட்டிருக்க. எதுல உக்கார்றாங்க?" அவங்க சேர்லதான். "அவங்க சேர் எது? ரெண்டாவது, மூணாவது கட்டத்துல வலது சேர். இங்க வந்து இடது சேர்ல உக்கார வெச்சிருக்க. கன்டினியூட்டி அடி வாங்கும், மேடம் முதல்ல அதத்தான் பார்ப்பாங்க." நான் ரப்பரை எடுத்தேன். அழிக்கப் போன கை நின்றுவிட்டது. நான் தப்பாக வரையவில்லை. சன்னலிலிருந்து வருபவளுக்கு முதலில் வருவது பேச்சியின் சேர். அது அப்போது காலியாக இருந்திருக்க வேண்டும். அம்மா அதில் உட்கார்ந்திருக்கிறாள். அங்கேயும் பீஸ் குவிந்திருக்கும், அங்கேயும் ஸ்டிக்கர் ரோல் இருக்கும், வெள்ளையில் கறுப்பு எண், அம்மாவுடையது முப்பத்தொன்று, இது முப்பத்திரண்டு. அவள் நம்பர் ஒட்டியிருந்தது என்று அக்கா சொன்னதற்கு இதுதான் அர்த்தம். வேறு எப்படி ஒட்டியிருக்கும்? கேன்டீனில் டீ ஆறிக்கொண்டிருந்தது. கதை கேட்டபோது எனக்குச் சேர் தேவைப்படவில்லை. வரையும்போது தேவைப்பட்டது, யாராவது ஏதாவதொன்றில் உட்கார்ந்தாக வேண்டும். "என்னாச்சு?" என்றான் இமானுவேல். மாத்திடறேன் என்றேன். மாற்றவில்லை. அதற்குப் பதிலாக முகம் இருக்கும் பதின்மூன்றாவது கட்டத்துக்கும் படத்தின் பெயர் வரும் கட்டத்துக்கும் நடுவில் புதிதாக ஒரு கட்டம் போட்டேன், ஸ்கேல் வைத்து, மற்றவற்றைவிட ஒழுங்காக. பதினான்கு. அதற்குள் இன்றுவரை ஒன்றும் வரவில்லை.

வராமல் இல்லை, வருகிறது. நிறைய வருகிறது, எதுவும் நிற்பதில்லை. மெஸ்ஸில் தட்டைக் கழுவும்போது வருகிறது: பேச்சியம்மாள் திரும்பி வருகிறாள், அம்மா எழுந்து சிரித்துக்கொண்டே தன் சேருக்கு நகர்கிறாள். இது நடந்திருக்கும். ஆனால் இது இங்கே நின்றால் விளையாட்டு மாதிரி இருக்கிறது. அலுவலக அறையின் கண்ணாடிக் கதவு வருகிறது, உள்ளே பேச்சியம்மாளின் முதுகு, வெளியே மேசைகள், தலை குனிந்த பெண்கள், அதில் அம்மாவின் தலை. அந்தத் தலை குனிந்திருக்கிறதா, நிமிர்ந்திருக்கிறதா? பென்சிலை வைத்தால் ஏதாவது ஒரு பக்கம் வரைந்துதான் ஆக வேண்டும். குனிந்து வரைந்தால் அம்மா தெரிந்தே வாயை மூடிக்கொண்டாள் என்று நான் சொல்வதாக ஆகும். நிமிர்த்தி வரைந்தால் அவள் எழுந்து போய், அது நானுங்க, அந்த ஒரு மணி நேரம் அந்தச் சேரில் இருந்தது நானுங்க என்று சொன்னதாக ஆகும், ஆனால் அப்படிச் சொல்லியிருந்தால் அவளைத்தானே நிறுத்தியிருப்பார்கள், அவளை நிறுத்தவில்லையே, அந்த வருடம் முழுக்க அவள்தானே வேலைக்குப் போய் என்னை இங்கே அனுப்பினாள். இல்லை, சொல்லியும் நம்பாமல் இருந்திருக்கலாம். இல்லை, அவளுக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம், எந்தச் சேர் என்று யாருக்கு நினைவிருக்கும், அவ்வளவு சந்தோஷத்தில். எனக்கு இது பிடித்திருக்கிறது. எனக்குப் பிடித்திருப்பதாலேயே இதை நம்ப முடியவில்லை. நேற்று சாயங்காலம் ஏழு மணிக்கு அம்மாவுக்குப் போன் செய்தேன். சாப்பிட்டாயா என்று அவள் கேட்டாள், சாப்பிட்டாயா என்று நான் கேட்டேன். அம்மா, இப்ப உன் பக்கத்துச் சேர்ல யாரு உக்கார்றாங்க? "எதுக்குக் கேக்கற?" சும்மா, காலேஜ்ல ஒரு வேலைக்கு. "யாரோ வடக்கத்திப் புள்ளை சாமி. பேரு வாயில நுழைய மாட்டேங்குது. நல்ல புள்ளை." அதுக்கு முன்னாடி? "கரண்ட் போயிருச்சு கண்ணு, வெக்கறேன்" என்றாள். எங்கள் வீட்டு ஃபேன் சுற்றும்போது ஒரு சுற்றுக்கு ஒரு தரம் டக்கென்று சத்தம் வரும். டக், டக் என்று அது கேட்டுக்கொண்டே இருந்தது, அவள் போனை வைக்கும்வரை.

கதவு திறக்கிறது. நாலாவது குழு வெளியே வருகிறது, ஒருத்தி அழுத மாதிரி இருக்கிறாள், இல்லை, தும்மல். ஐந்து உள்ளே போகிறது. ஃபர்ஹானா என் பக்கத்தில் இறங்கி உட்கார்ந்து, பேனா மூடியைக் கடித்துக்கொண்டே என் மடியிலிருந்து தாள்களை இழுக்கிறாள். நான் பிடிக்கவில்லை, பிடித்தால் தெரிந்துவிடும். அவள் எண்ணுகிறாள். "பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு... ஏய், பதினாலு எங்கடி?" இருக்கே. "இது வெறும் பெட்டி." யோசிச்சிட்டிருக்கேன். "இன்னும் கொஞ்ச நேரத்துல உள்ள போகணும், யோசிச்சிட்டிருக்காளாம். இமா, இங்க பாரு, இவ ஜன்னல் ஒண்ணு போட்டுத் தந்திருக்கா, காத்து வர்றதுக்கு." இமானுவேல் பார்க்கிறான். அவன் கோபப்பட்டால் பரவாயில்லை, அவன் கோபப்படமாட்டான். "அத எடுத்துட்டா என்ன?" என்கிறான் மெதுவாக. "பதிமூணுல முகம், அப்புறம் நேரா டைட்டில். இதுக்கு முந்தி அப்படித்தான இருந்துச்சு? அதுவே நல்லாருந்துச்சு." நல்லாத்தான் இருந்தது. அதில் எதுவும் பொய்யில்லை, அம்மா சிரித்தாள், நான் பாஸானேன், இரண்டும் நடந்தவை. நல்ல இடத்தில் வெட்டினால் பொய் சொல்லாமலே போய்விடலாம். எடிட்டிங் பாடத்தில் ஜெசிந்தா மேடம் முதல் நாளே சொன்னார், ஒரு ஷாட்டை எங்கே முடிக்கிறீர்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம் கொடுக்கிறது என்று, நான் அதை நோட்டில் அடிக்கோடிட்டு எழுதினேன், பரீட்சைக்கு வரும் என்று. வெயில் படிக்கு வந்துவிட்டது. ஆறாவது குழு எழுந்து சட்டையைச் சரி செய்கிறது. அந்த முப்பத்திரண்டாம் நம்பர் பெண் இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறாள்? அவளுக்கு என் வயதில் யாராவது இருக்கிறார்களா? இருந்தால் அவர்கள் இந்த வருடம் என்ன செய்கிறார்கள்? இந்தக் கேள்வியை நான் கேட்காமல் இருந்திருக்கலாம்.

"ஏழு." நாங்கள் போகிறோம். ஏசி குளிர். எடிட்டர் நான் நினைத்ததைவிடச் சின்ன வயது, தமிழில்தான் பேசுகிறார், நல்லவேளை. தாள்களை மேசையில் வரிசையாகப் பரப்பி எழுந்து நின்று பார்க்கிறார். அம்பு யோசனையில் நிற்கிறார், மேடமைப் பார்க்கிறார். "இது நல்லாருக்கு. யார் யோசனை?" இமானுவேலும் ஃபர்ஹானாவும் ஒரே நேரத்தில் என்னைக் காட்டுகிறார்கள். என் காது சூடாகிறது. "கை ரொம்ப நல்லா வந்திருக்கு. பார்த்திருக்கீங்களா, இந்த வேலைய?" பார்த்திருக்கேன் சார். ஜெசிந்தா மேடம் கண்ணாடியைக் கீழே இறக்குகிறார். "பதினாலு காலியா இருக்கு, மகுடேஸ்வரி." ஆமாங்க மேடம். எடிட்டர் அந்தக் கட்டத்தின் மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடுகிறார். "இது வேண்டாம்மா. இங்க பாருங்க, பதிமூணு, கட், டைட்டில். அழகா முடியுது. இதுக்கு மேல ஏதாவது வெச்சா கெட்டுப்போகும். மேடம், நான் ஓகே." மேடம் பேனாவைத் திறக்கிறார். பேனா மூடி கழன்ற சத்தம் எனக்குக் கேட்கிறது. இமானுவேலின் முழங்கை என் கையில் லேசாகப் படுகிறது, சொல்லு, சரின்னு சொல்லு. சொல்லலாம். ஒரு சொல். ஞாயிற்றுக்கிழமை யூனிட், டியூப் லைட், கைகளுக்கு நானே நடித்துவிடலாம் என்று பேசியிருந்தோம். நான் பேசுவது எனக்கே கேட்கிறது, ரொம்ப மெதுவாக, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. "மேடம், குறிப்புல கற்பனைன்னு எழுதியிருக்கேன். அது கற்பனை இல்லீங்க. அது எங்கம்மா." எடிட்டர் கையை எடுக்கிறார். "அந்தப் பக்கத்துச் சேர்ல இருந்தவங்களுக்கு இதனால வேலை போச்சுன்னு கேள்விப்பட்டேன். அவங்கள நான் பார்த்ததில்ல. அம்மாகிட்டயும் கேக்கல. அது தெரியாம அந்தச் சிரிப்போட முடிக்க எனக்கு வரலீங்க மேடம்." இது ஒரு கல்லூரிப் பயிற்சிதானேம்மா என்று எடிட்டர் ஆரம்பித்தார், பாதியில் விட்டுவிட்டார். மேடம் பேனாவை மூடவில்லை, கீழே வைக்கவும் இல்லை. "உங்க குழுவுக்கும் இதான் முடிவா?" என்று மற்ற இருவரையும் கேட்டார். எனக்கு அவர்களைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. ஃபர்ஹானா சொன்னாள்: "எங்களுக்கு இப்பதான் மேடம் தெரியும்." கொஞ்சம் நிறுத்தி, "அவ சொன்னா சரிதான்" என்றாள். "அப்ப இந்த வாரக் கேமரா ஒன்பதாம் குழுவுக்குப் போகும். பதினாலு என்னன்னு தெரிஞ்சப்புறம் வாங்க." சரிங்க மேடம். கருத்துக் குறிப்பை வாங்கி, நின்றுகொண்டே, கடைசி வரியை அடித்தேன். பேனா அழுந்திக் காகிதம் கிழிந்தது.

வெளியே வந்து இமானுவேல் படிகளை இரண்டிரண்டாக இறங்கிப் போய்விட்டான், கேன்டீன் பக்கம் இல்லை, கேட் பக்கம். ஃபர்ஹானா என்னோடு நின்றாள். "ஒரு வாரத்துக்கு அவன் உன்னோட பேச மாட்டான். நான் ரெண்டு நாள் பேச மாட்டேன். இன்னிக்கு மட்டும் பேசறேன், ஏன்னா நீ அழப் போற மாதிரி இருக்க." அழலடி. "அப்ப இன்னிலேருந்தே பேசல, போ." ஆனால் போகவில்லை. என் தாள்களை வாங்கி, கசங்காமல் அடுக்கி, அவள் பையில் வைத்துக்கொண்டாள். மணி பதினொன்று நாற்பது. இவ்வளவுதான் நடந்தது, ஒன்றேமுக்கால் மணி நேரத்தில்.

இதற்குப் பிறகு நான் தெரிந்துகொண்டதை எழுதிவிடுகிறேன். பேச்சியம்மாளின் போன் நம்பரைச் சாந்தாமணி அக்காவிடமே கேட்டேன். மூன்று நாள் கழித்துத்தான் அனுப்பினார், அதோடு ஒன்றும் எழுதவில்லை. பேச்சியம்மாள் இப்போது வேறொரு சின்னக் கம்பெனியில் மடித்துப் பை போடும் வேலையில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன், இமானுவேலின் மாமா யூனிட்டின் சாவி தருவதாகச் சொன்ன அதே ஞாயிற்றுக்கிழமை. யார் என்று சொன்னதும், "துளசியக்கா மகளா? வாத்தா, உள்ள வா" என்றார். என் ரிசல்ட் வந்த அன்று ஒரு மணி நேரம் அவரைப் பேக்கிங்குக்கு அனுப்பியிருக்கிறார்கள், அதனால்தான் சேர் காலி. நிறுத்தியபோது அதைச் சொல்லவில்லையா என்று கேட்டேன். "சொன்னேந்தா. பீசுல மணியா எழுதியிருக்கு? நம்பர்தான எழுதியிருக்கு. இது ஒன்னோட நம்பரான்னு கேட்டாக. ஆமான்னேன்." பிறகு சொன்னார்: "நான் பேக்கிங்குல நின்னது ஒங்கம்மாவுக்குத் தெரியும். அது ஒரு வார்த்த சொல்லும்னு அதோட சேரையே பாத்துக்கிட்டிருந்தேன். என்னைய நிறுத்துன அன்னைக்கின்னு பாத்து அது வேலைக்கு வரல." நான் சொல்ல வந்ததை அப்போதுதான் சொன்னேன், அந்த ஒரு மணி நேரம் உங்க சேர்ல உக்கார்ந்தது எங்கம்மாதாங்க என்று. அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "தெரியுந்தா. ஒரு மாசங் கழிச்சு ஒங்கம்மா இங்க வந்துச்சு. வாசப்படி ஏறல. எப்பிடி இருக்கன்னு கேட்டுச்சு, இருக்கேன்னேன், போயிருச்சு. அப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்." எந்தக் கிழமை நிறுத்தினார்கள் என்று கேட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் போனபிறகு பையரின் ஆள் ஓட்டைப் பீஸ்களைக் கண்டுபிடித்திருக்கிறார், திங்கட்கிழமை காலை பத்தரைக்கு இவரை அலுவலக அறைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். மறுநாள் மகனுக்குப் பிறந்தநாள் என்பதால் தேதி நினைவிருக்கிறது, சொன்னார், எழுதிக்கொண்டேன். அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை. ஹாஸ்டலுக்கு வந்து என் சேர்க்கை ஃபைலை எடுத்துப் பார்த்தேன். என் விண்ணப்பத்தின் நகலில் கல்லூரி முத்திரை அந்தத் திங்கட்கிழமையின் தேதியில் இருக்கிறது. பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் 'க. துளசிமணி' என்று இருக்கிறது, அன்று லீவு போட்டு என்னோடு வந்த அம்மா கவுன்ட்டரில் நின்று போட்டது. பக்கத்தில், பெற்றுக்கொண்ட நேரம் என்ற இடத்தில், கிளார்க் 10.40 என்று எழுதியிருக்கிறார்.